நிமிர்ந்து உட்கார்ந்த ரேந்தை வகுப்பு

பாளையங்கோட்டை
1912 ஆகஸ்டு 19

என் அருமை மகள் யூனிஸுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் உன் அப்பாவும் இங்கே சுகமாயிருக்கிறோம், கண்டி மலைக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை சாலமோனும் அதேபோல் இருக்க வேண்டுமென்று உங்கள் பெயரைச் சொல்லி ஜெபிக்காத வேளை இல்லை. அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது. ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது, கார் அறுப்பு தொடங்கி ஊரெல்லாம் வைக்கோல் வாசனை. இரண்டு மாதமாக அம்மா ஒரு வரிகூட எழுதவில்லையே என்று வருத்தப்பட்டிருப்பாய். ஒரு காரியத்தில் இறங்கியிருந்தேன், அது முடியாமல் எழுத மனம் வரவில்லை. இப்போது ஜெயித்துவிட்டேன் மகளே, அதனால் ஒன்றுவிடாமல் சொல்லுகிறேன்.

வெள்ளைக்காரர்கள் லேஸ் என்கிற ரேந்தையைப் பின்னுகிற நம் வகுப்பு உனக்கு மறந்திருக்காது. இருபது பெண்பிள்ளைகள் பாயில் சம்மணமிட்டு, மடியில் திண்டை வைத்துக்கொண்டு, அதில் குத்திய குண்டூசிகளைச் சுற்றி நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவார்கள், காலையில் மூன்று மணி நேரம், மத்தியானம் மூன்று மணி நேரம், குனிந்த தலை நிமிராமல். அப்படி நிமிராமல் இருப்பதுதான் நல்ல பிள்ளைக்கு அடையாளம் என்று இருபது வருஷமாக நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் வாரம், வெற்றிலைக்கொடிக்காலில் வேலை செய்கிற கருத்தையா வாசலில் வந்து நின்றார். அவர் மகள் சுடலைவடிவுக்குப் பத்து வயது, வகுப்பில் அவளைப்போல மெல்லிய வேலை செய்கிறவள் வேறு யாருமில்லை. "வாத்தியாரம்மா, கோவிச்சுக்கிடாதிய, எம்மவ கூனிப்போயிட்டு வாரா. நடக்கையில தோளு ஒரு பக்கமா சாயுது, ராவெல்லாம் முதுகு வலிக்குங்கா. ரேந்தையும் வேண்டாம் படிப்பும் வேண்டாம், நாளையிலேருந்து அனுப்ப மாட்டேன்" என்றார். நான் சுடலைவடிவைக் கூப்பிட்டு நிலைக்கதவில் முதுகை ஒட்டி நிற்கச் சொன்னேன். குதிகால் ஒட்டியது, இடுப்பு ஒட்டியது, தோள் ஒட்டவில்லை, என் மூன்று விரல் நுழைகிற இடைவெளி. அவள் அப்போதுதான் வாசிக்கத் தொடங்கியிருந்தாள், வகுப்பைவிட்டால் எழுத்தும் போய்விடும். ஒரு மாசம் மட்டும் பொறுங்கள் என்று கருத்தையாவைக் கெஞ்சிக் கேட்டேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

அந்த வாரமே எனக்குத் தொடையில் ஒரு கட்டி வந்து திண்டை மடியில் வைக்க முடியாமல் போயிற்று. சனிக்கிழமை வீட்டில் வேறு வழியில்லாமல் அப்பாவின் சாய்வு மேசைமேல் திண்டை வைத்துவிட்டு, முதுகைச் சுவரில் கொடுத்து உட்கார்ந்து பின்னினேன். சாயங்காலம் எழுந்தபோதுதான் கவனித்தேன், ரேந்தை பின்னத் தொடங்கிய எட்டு வயதிலிருந்து எனக்கு இருக்கிற கழுத்து வலி அன்றைக்கு இல்லை. உடனே அப்பாவை அனுப்பித் தச்சர் காசிலிங்கத்தை வரவழைத்தேன். திண்டை மேலே வைத்தால் நெஞ்சளவுக்கு வருகிற மாதிரி சாய்வான மணை வேண்டும், சின்னவர்களுக்குத் தாழ்வாக, பெரியவர்களுக்கு உயரமாக என்றேன். அவர் சிரித்துவிட்டு, "ஆளுக்கு ஒரு உசரமா? கல்யாணப் பொண்ணுக்குக்கூட இப்படி யாரும் அளவெடுக்கச் சொன்னதில்லையே தாயி" என்றார், ஆனாலும் நூலை எடுத்துக்கொண்டு வந்து ஒவ்வொரு பிள்ளையையும் உட்காரவைத்து அளந்தார். மணை வந்ததும் பிள்ளைகளைச் சுவரோரமாக, ஜன்னல் வெளிச்சம் எல்லார் கைமேலும் விழுகிற மாதிரி மாற்றி உட்காரவைத்தேன். அரைமணிக்கு ஒரு தரம் மணியடித்து, எழுந்து கையை மேலே தூக்கி, ஒரு கீர்த்தனை பாடிக்கொண்டே கிணறுவரை போய்வர வேண்டும் என்று விதித்தேன்.

முதல் வாரம் எல்லாம் தலைகீழாயிற்று. கை பழகாமல் நூல் சிக்கிக்கொண்டது, நடக்கப் போனவர்கள் சிரித்துச் சிரித்துத் திரும்பி வர நேரமாயிற்று. அந்த நேரம் பார்த்துப் பள்ளியை மேற்பார்க்கிற துரைசானி வந்துவிட்டார்கள். கிணற்றடியில் இருபது பேரும் பாடுவதைப் பார்த்து அவர்கள் முகம் சிவந்துபோயிற்று. "தேவமணி, இது விளையாட்டு மைதானமா? போன மாதம் முப்பத்தெட்டு கெஜம் முடித்தீர்கள். இந்த மாதம் ஒரு கெஜம் குறைந்தாலும் பழையபடி பாய்தான், வகுப்புக்கும் வேறு ஆள் பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "இதுக்குப்போயி அழுவாவளா? பிள்ளைய பைய பழகட்டும், நீ மட்டும் பின்வாங்கிராத" என்றார்கள். நான் பின்வாங்கவில்லை.

மூன்றாம் வாரம் அறையில் ஒரு மாற்றம் தெரிந்தது. முன்பெல்லாம் மத்தியானத்துக்குமேல் பிள்ளைகள் தூங்கி வழிவார்கள், கண்ணைக் கசக்கிக்கொண்டு தப்பாகப் பின்னிப் பிரித்துப் பிரித்துப் போடுவார்கள். இப்போது பிரித்துப்போடுகிற வேலையே இல்லை, கட்டைகள் மழைபோல் சடசடவென்று விழுகின்றன. மாதக் கடைசியில் துரைசானி தாழ்வார மேசையில் தாங்களே கெஜக்கோலைப் பிடித்து அளந்தார்கள். முப்பத்தெட்டைத் தாண்டியது, நாற்பதைத் தாண்டியது, நாற்பத்துமூன்றரையில் நின்றது! நம்பாமல் இன்னொரு தரம் அளந்தார்கள், அதே நாற்பத்துமூன்றரை. பிள்ளைகள் கைதட்டிய சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். நான் சுடலைவடிவைக் கூப்பிட்டு நிலைக்கதவில் நிறுத்தினேன். தோளுக்குப் பின்னால் ஒரு விரலை நுழைக்கப் பார்த்தேன், நுழையவில்லை. துரைசானி தாங்களும் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "நான் கெஜத்தை மட்டும் பார்த்தேன் தேவமணி, மன்னித்துக்கொள்" என்றார்கள். மற்ற மூன்று ஊர் வகுப்புகளுக்கும் இதேபோல் மணை செய்யச் சொல்லிக் காசிலிங்கத்துக்கு ஆள் போயிருக்கிறது. மறுநாள் காலை கருத்தையா வந்தார், கையைப் பிடித்துக்கொண்டு ஆறு வயது சின்ன மகள். "இவளையும் சேத்துக்கிடுங்க, நெட்டுக்குத்தலா உக்கார வச்சுச் சொல்லிக்குடுங்க" என்றார்.

நீ சொல்லிக்கொடுக்கிற தேயிலைத் தோட்டத்துப் பள்ளியிலும் பிள்ளைகள் தரையில் குனிந்துதானே சிலேட்டில் எழுதுவார்கள், ஏதாவது பெட்டியைக் கவிழ்த்தாவது சிலேட்டை உயர்த்திக் கொடு, அரைமணிக்கு ஒரு தரம் எழுப்பி நடக்கவிடு. பெஞ்சியில் காலைத் தொங்கப்போட்டு உட்காரவைக்காதே, காலுக்கடியில் பலகை இருக்கட்டும். இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். நீ ஒன்பது வயதில் அதே பாயில் உட்கார்ந்து, முதுகு வலிக்குதம்மா என்றாய், நான் சோம்பேறி என்று அதட்டினேன். அன்றைக்கு உனக்குக் காட்டாத இரக்கத்தைத்தான் மகளே, இன்றைக்கு இருபது பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். அம்மாவை மன்னித்துக்கொள்.

கொழும்புக்கு வருகிற கடைக்கார முகம்மது சுல்தான் வசம் சில்லுக்கருப்பட்டி கொடுத்திருக்கிறேன், கிடைத்ததும் பதில் போடு. சாலமோனைக் குளிரில் வெறுங்காலோடு விடாதே. உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காத்து, உங்கள் வீட்டைச் சமாதானத்தால் நிரப்புவாராக.

இப்படிக்கு
உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அம்மா
சா. தேவமணி