கடலை மட்டும் தின்றவனுக்கு

மெட்ரோ வேலைக்காகச் சாலையைத் திருப்பிவிட்டிருப்பதால், பூந்தமல்லிக்குப் போகவேண்டிய பேருந்து இப்போதெல்லாம் நினைத்த இடத்தில் இறக்கிவிடுகிறது. நேற்று கரையான்சாவடியில் இறக்கியது. நடந்து வந்த வழியில் ஒரு தள்ளுவண்டிக்காரர் வேகவைத்த கடலையில் வெங்காயமும் மாங்காயும் பொடியாக நறுக்கிப் போட்டு எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தார். அந்த வாசனையில் கால் நின்றுவிட்டது. மதுக்கடை பாரில் வருடக்கணக்காக உட்கார்ந்து, கடலையை மட்டும் தின்றுவிட்டு எழுந்துபோன மனிதன் என் அறிவில் நீ ஒருவன்தான். நீ போன பிறகு உனக்குக் குடிகாரன் என்று பெயர் வந்ததும், அதனால் உன் மகளின் கல்யாணப் பேச்சு நின்றுபோக இருந்ததும் உனக்குத் தெரியாது. அதைச் சொல்லவேண்டியவன் நான்.

பாடி தொழிற்சாலையில் முதல் ஷிப்ட் முடிந்ததும், சனிக்கிழமைகளில் நாம் ஐந்து பேரும் மேம்பாலத்துக்குப் பின்னால் இருந்த பாருக்குப் போவோம். நாங்கள் நான்கு பேர் குடிப்போம். நீ கடலை தின்பாய். ஏன் குடிப்பதில்லை என்று வாரம் ஒருவன் கேட்பான். "ஊட்டு அட்ரஸ எவனாவது ஒருத்தன் ஞாபகம் வெச்சிக்கணும்ல மாமே" என்பாய். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. குடிக்காதவர்கள் வழக்கமாகத் தரும் அறிவுரையும் உன்னிடம் கிடையாது. உன்னை எங்களால் பொறுத்துக்கொள்ள முடிந்தது அதனால்தான்.

இரண்டாவது சுற்றில் எனக்குச் சரித்திரம் வந்துவிடும். நூலகத்தில் படித்ததையெல்லாம் மேசையில் கொட்டுவேன். பழைய வேந்தர்கள் போருக்குப் போகும் வீரர்களுக்குக் கள் வார்த்தார்கள். வென்றபின் பாட வந்த புலவர்களுக்கும் வார்த்தார்கள். ஆகவே நம் வீரத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதியாவது போதையில் சொல்லப்பட்டது. வெள்ளைக்காரன் வந்தான், மரத்தில் தானாக ஊறுவதற்கு வரி போட்டு, சாராயக்கடையை ஏலம் விட்டான். பிறகு மதுவிலக்கு வந்தது. குடிக்காவிட்டால் இவர் உடம்பு கெட்டுவிடும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தவர்களுக்கு மட்டும் பர்மிட். கடைசியில் அரசாங்கமே கடை திறந்து, குடிக்காதே என்று அச்சடித்த பாட்டிலைக் கம்பி வழியாக நீட்டியது. இவ்வளவையும் நான் சொல்லி முடித்ததும், தட்டிலிருந்த மாங்காயைப் பொறுக்கிக்கொண்டே நீ கேட்டாய்: "அதெல்லாம் சரி மச்சான். அந்த ராஜாவ அரமனைல கொண்டாந்து உட்டது யாரு?"

மேசையே சிரித்தது. அதன்பின் நான் நூலகத்தில் தேடியும் பார்த்தேன். எந்த அரசன் எதைக் குடித்தான், எந்தச் சாடியில் குடித்தான் என்பதெல்லாம் கிடைக்கிறது. அவனைக் கைத்தாங்கலாகப் பிடித்து வந்தவனைப் பற்றி ஒரு வரி இல்லை.

வெளியே வரும்போது வெயில் தாழ்ந்திருக்கும். எங்களை ஷேர் ஆட்டோவில் அடுக்கிவிட்டு, "முட்ட லோடுன்னு நெனச்சி ஓட்டு நைனா" என்று டிரைவரிடம் சொல்வாய். தெருவில் எங்கள் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தால் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டாய். முக்கு டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து, அவர்கள் உள்ளே போகும்வரை ஊர்க்கதை பேசுவாய். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று நீ சொன்னதே இல்லை. பிறகு ஒவ்வொருவனாக வாசலில் சேர்ப்பாய். அங்கே நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. என் தலை உன் தோளில் கிடக்கும். அப்படிக் கிடப்பவனுக்குத் தரை மட்டும்தான் தெரியும்.

ஒருநாள் உனக்கு வயிறு வீங்கியது. கல்லீரல் கெட்டுவிட்டது என்றார்கள். எத்தனை வருடமாகக் குடிக்கிறீர்கள் என்பதுதான் டாக்டர் கேட்ட முதல் கேள்வி. நீ சிரித்துவிட்டாய். சர்க்கரையாலும் கொழுப்பாலும் குடிக்காதவர்களுக்கும் அது வரும் என்று பின்னால் அவரே விளக்கினார். வெளியே பெஞ்சில் நாங்கள் நான்கு பேரும் நல்ல ஆரோக்கியத்தோடு உட்கார்ந்திருந்தோம். இயற்கையின் நியாயத்தில் எனக்கிருந்த மரியாதை அன்றோடு போயிற்று. உன்னை எடுத்த அன்று துக்கம் தாளாமல் தெருவே குடித்தது. மேளக்காரர்கள் குடித்தார்கள், ஆடியவர்கள் குடித்தார்கள், தூக்கி வந்த நாங்களும் குடித்திருந்தோம். உன் ஊர்வலத்தில் குடிக்காதவன் நீ மட்டும்தான்.

நான் அதற்குப் பிறகு தொடவில்லை. உயர்ந்த காரணம் எதுவும் இல்லை. கொண்டுவந்து சேர்க்க ஆளில்லை.

கல்லீரலில் போனான் என்று சொன்னால், நம் பக்கத்தில் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. மறைத்துக் குடித்திருப்பான் என்றார்கள். அவன் கூட்டாளிகளைப் பார்த்தாலே தெரியவில்லையா என்றார்கள். உன் மகளுக்கு ஆரணியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனுக்கு அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போது, பெண்ணின் அப்பா குடித்தே செத்தவர் என்று யாரோ அவர்கள் காதில் போட்டுவிட்டார்கள். விசாரிக்க வந்த பையனின் தாய்மாமனை, உன் மனைவி நம்பிக்கையோடு என்னிடம் அனுப்பினாள்.

அவன் சொட்டுக்கூடத் தொட்டதில்லை, நான் சாட்சி என்றேன். எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். எப்போதும் கூடவே இருந்தேன் என்றேன். எங்கே என்றார். பாரில் என்றேன். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப நீங்க குடிச்சிருந்தீங்க."

"ஆமா. அப்போ."

"போதைல இருந்தவரு நீங்க. அவரு குடிக்கலன்றது உங்களுக்கு எப்பிடிங்க ஞாபகம் இருக்கும்?"

எந்தக் கோர்ட்டிலும் எடுபடும் கேள்வி. நான் படித்த சரித்திரம் எதுவும் துணைக்கு வரவில்லை. அவர் எழுந்து பையைத் தோளில் மாட்டினார். அப்படியே ஊருக்குப் போயிருந்தால் உன் பெயரும் உன் மகளின் கல்யாணமும் அன்றோடு முடிந்திருக்கும்.

அடுப்படியிலிருந்து என் மனைவி வந்தாள்.

"உக்காருங்க. இவரு சாட்சி செல்லாது, எங்க சாட்சிய கேளுங்க. ரெண்டு பேரும் ஒட்டிகினு இதே வாசல்ல வந்து நிப்பாங்க. எந்த ஆம்பள மேலேர்ந்து வாசன வர்துன்னு பொண்டாட்டிக்கு தெரியாதா? கண்ண மூடிகினு சொல்லுவேன்."

சொன்னதோடு நிற்காமல் போன் போட்டாள். மற்ற மூன்று வீட்டுப் பெண்களும் வந்துவிட்டார்கள். அன்றைக்குப் பிராந்தியா ரம்மா என்பதைக்கூட, கதவைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுவோம் என்றாள் ஒருத்தி. ஆரணிக்காரர் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு நீண்ட பயிற்சி பெற்ற பரிசோதனைக்கூடம் எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது என்பது அவருக்கே புரிந்திருக்கும்.

அதன்பின் என் மனைவி குரலைத் தணித்துச் சொன்னாள்.

"இவர கட்டில்ல போட்டுட்டு, போறதுக்கு முன்ன 'நீ சாப்ட்டியாம்மா'ன்னு கேப்பாரு அண்ணன். இல்லன்னு சொன்னா, நான் தட்டு போட்டுகினு உக்கார்ற வரிக்கும் வாசல்லயே நிப்பாரு. அந்த மனுஷன் பெத்த பொண்ணுங்க அது."

மற்ற மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தன் வீட்டில் மட்டும்தான் கேட்டாய் என்று ஒவ்வொருத்தியும் நினைத்திருந்தாள் போலும். ஆரணிக்காரர் தோளில் கிடந்த பையைக் கழற்றிக் கீழே வைத்தார். பிறகு, நிச்சயத்துக்கு எந்த நாள் தோதுப்படும் என்று உன் வீட்டில் கேட்டுச் சொல்லும்படி என் மனைவியிடம்தான் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை.

தை மாதம் ஆவடியில் கல்யாணம் முடிந்தது. மருமகன் மரியாதையான பையன். உன் மகள் உன்னைப் போலவே எதற்கும் அதிகம் விளக்கம் சொல்வதில்லை.

ஆரணிக்காரர் போன பிறகு நான் அடுப்படிக்குப் போய், நீ சாப்பிட்டாயா என்று என் மனைவியிடம் கேட்டேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு என் அருகில் வந்து ஒருமுறை மோந்து பார்த்தாள். சந்தேகம் தீர்ந்தபின், "இன்னும் இல்ல" என்றாள். தட்டு எடுத்து வைத்தேன். அன்றிலிருந்து தினமும் கேட்கிறேன். இப்போது அவள் மோந்து பார்ப்பதில்லை.

போன வாரம் சாப்பிடும்போது இன்னொன்றும் கேட்டேன். அந்தச் சனிக்கிழமைகளில் கதவைத் திறக்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று.

"எனக்கு எப்பிடி தெரியும்? அண்ணன் தான பாத்தாரு" என்றாள்.

அத்தனை வருடம் என் வீட்டு வாசலில் நின்ற அந்த முகத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்தவன் நீ. அது எப்படி இருந்தது என்று உன்னிடம் கேட்க வேண்டும்போல் இருக்கிறது.