முதல் அங்குலம்

பிப்ரவரி 4

சிட்டுவின் அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். நீங்களும் சுகம் என்றே எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் யாராவது வந்து சொல்லியிருப்பார்கள்.

சிட்டுவுக்குக் கல்யாணம் நிச்சயமானதை அவளே உங்களுக்குப் போனில் சொல்லிவிட்டாள் என்று தெரியும். மாப்பிள்ளைக்கு மருந்துக் கடையில் வேலை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயப்படுகிற ரகம். நல்ல பையன். மே 2, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, நம் சர்ச்சிலேயே.

இவளுக்கு ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது. பீரோவுக்கு அடியில் கிடந்த நம் கல்யாண போட்டோவைத் தூசி தட்டி எடுத்து வைத்துக்கொண்டு, “எனக்கு இதே மாதிரி வேணும்” என்கிறாள். புஃப் வைத்த கை, லேஸ் முக்காடு, முழங்கை வரை கையுறை, எல்லாம். கடையில் எதையும் வாங்கக் கூடாதாம். வீட்டு ஆட்களே கையால் செய்ய வேண்டுமாம். கவுன் என் தலையில். என் அண்ணன் மைக்கூட்டில் பேனாவைத் தொட்டுத் தொட்டு நூற்றிருபது அழைப்பிதழ் எழுதிக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை காகிதப் பூ செய்கிறார். பொட்டலம் மடித்துப் பழகிய கை, நன்றாகவே மடிகிறது.

உங்களிடம் அவள் கேட்பது, அந்தப் போட்டோவில் நாம் முழங்கால் போட்டிருக்கிறோமே, அந்தப் பலகை மாதிரி ஒன்று. மேலே வைக்கிற மெத்தையை நான் பூ வேலை செய்து தைக்கிறேன். அது நழுவாமல் இருக்கச் சுற்றிலும் சட்டம் வேண்டும். சட்டத்தின் உள் அளவு, நீளம் 42 அங்குலம், அகலம் 14.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். “நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசினா மூணாவது வார்த்தையே சண்டைதான். எழுதுங்க. அதுவும் பழைய காலம்தானே” என்றாள். எழுதிவிட்டேன்.

அவளைப் பீடத்துக்கு அழைத்துப் போகப்போவது என் அண்ணன். பின்னால் குழப்பம் வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
சிட்டுவின் அம்மா

பிப்ரவரி 13

சிட்டுவின் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்து மாறவில்லை, இன்னும் கோட்டை விட்டு மேலே ஏறிக்கொண்டுதான் போகிறது.

பலகை செய்கிறேன். இடித்த வீட்டிலிருந்து வந்த பழைய கதவு ஒன்று பட்டறையில் சாய்ந்து கிடக்கிறது, நல்ல மரம். போட்டோவைச் சிட்டு போனில் அனுப்பினாள். அதில் நான் முழிக்கிற முழியைப் பார்த்தால் மாப்பிள்ளை மாதிரியே இல்லை, பல் பிடுங்க வந்தவன் மாதிரி இருக்கிறேன். நீ கேமராக்காரரை அதட்டிவிட்டு வந்ததுபோல இருக்கிறாய். பலகையின் கால்களில் கடைசல் வேலை இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து வரைந்துகொண்டேன். மூன்று வாரம் ஆகும்.

கடைசி வரியையும் படித்தேன். அவளைக் கல்லூரியில் சேர்த்தவர், காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்தவர் உன் அண்ணன். அவருக்கு உரிமை உண்டு. ஆனாலும் கேட்கிறேன். “அப்பா, நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்” என்று சிட்டு என்னிடம் சொன்னாள். வாசலிலிருந்து பீடம் வரை நாற்பது அடி இருக்குமா? அந்த நாற்பது அடியை எனக்குக் கொடு. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
சிட்டுவின் அப்பா

பிப்ரவரி 22

சிட்டுவின் அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். நீங்கள் கேட்டதில் தவறில்லை. கொடுக்கத்தான் எனக்கு மனம் வரவில்லை.

ஓட்டலுக்கு மர வேலை, மூன்று மாதம் என்று போனீர்கள். மூன்று மாதம் ஆறு மாதமாயிற்று, அது ஒரு வருஷமாயிற்று. யார் முதலில் இறங்கி வருவது என்று பார்த்துக்கொண்டே இரண்டு பேரும் பதினோரு வருஷத்தைக் கழித்தோம். அதில் என் பங்கும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அவளைச் சபையில் முழு அங்கமாகச் சேர்க்கிற திடப்படுத்தல் ஆராதனைக்கு வருகிறேன் என்று சொன்னீர்கள். அவளுக்கு அப்போது பதினாறு. நான் தைத்த வெள்ளைக் கவுனைப் போட்டுக்கொண்டு சர்ச் கேட்டில் நின்றாள். மணி அடித்தது. மற்ற பிள்ளைகள் வரிசையாக உள்ளே போய்விட்டார்கள். “இன்னும் அஞ்சு நிமிஷம்மா” என்றாள். அந்த ஐந்து நிமிஷத்தை ஐந்து தடவை கேட்டாள். கடைசியில் அண்ணன்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

அவள் மறந்துவிட்டாள், அல்லது மறந்த மாதிரி இருக்கிறாள். என்னால் முடியவில்லை. கல்யாணத்தன்றும் அவள் அந்தக் கேட்டில் நின்று வழி பார்ப்பதை நான் இன்னொரு முறை பார்க்கத் தயாராக இல்லை.

கவுனின் உடல் பகுதி முடிந்தது. கையை மட்டும் மூன்று முறை பிரித்தேன். ஒரு பக்கத்துப் புஃப் பூசணிக்காய் மாதிரி நிற்கிறது, இன்னொன்று சோர்ந்து தொங்குகிறது. அண்ணன் எழுபது அழைப்பிதழ் முடித்துவிட்டார். பத்தில் மை கொட்டிவிட்டது, மீதி மை அவர் சட்டையில். “கறை போகலைன்னா மாமாவோட சட்டையவே அழைப்பிதழா குடுத்துடலாம்” என்கிறாள் உங்கள் மகள்.

பலகையை லாரியில் அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
சிட்டுவின் அம்மா

மார்ச் 6

சிட்டுவின் அம்மாவுக்கு,

பலகை இன்று காலை லாரியில் ஏறிவிட்டது. பின்கால் ஒன்றில் சின்ன வெடிப்பு இருந்தது, மரத்தூளும் பசையும் வைத்து அடைத்திருக்கிறேன். குனிந்து தேடினால் ஒழியத் தெரியாது. மெழுகு தேய்த்திருக்கிறேன், ஈரத் துணியால் துடைக்க வேண்டாம்.

திடப்படுத்தல் அன்றைக்கு அவசர வேலை வந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். பொய். பை கட்டி வைத்திருந்தேன். சட்டைகூடத் தேய்த்து வைத்திருந்தேன். உன் அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பது என்று ஒரு யோசனை வந்தது. அவர் என்ன கேட்பார், நீ என்ன சொல்வாய் என்று நினைத்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பஸ் புறப்படுகிற நேரம் தாண்டும் வரை எழுந்திருக்கவில்லை. அவள் கேட்டில் நின்றாள் என்பது நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். ஐந்து தடவை என்று எழுதியிருக்கிறாய். வெட்கமாக இருக்கிறது.

அண்ணனே கூட்டிப் போகட்டும். நான் பின்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். அதற்காவது வரலாமா?

இப்படிக்கு,
சிட்டுவின் அப்பா

மார்ச் 19

சிட்டுவின் அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். பலகை வந்து சேர்ந்தது. லாரியிலிருந்து இறக்கும்போது தெருவே நின்று பார்த்தது. வேலையில் குறை சொல்ல முடியாது. சிட்டு கால்களைத் தடவிப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் மெத்தை உள்ளே போகவில்லை. நீளத்தில் ஓர் அங்குலம் குறைவு. அகலத்திலும் ஓர் அங்குலம் குறைவு. 42, 14 என்று எண்ணில்தானே எழுதினேன்? மூன்று வாரம் ஊசி குத்திய மெத்தை நடுவில் கூடாரம் அடித்ததுபோல் எழும்பி நிற்கிறது. அதன்மேல் முழங்கால் போட்டால் மாப்பிள்ளை ஒரு பக்கமும் பெண் ஒரு பக்கமும் சரிந்து விழுவார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லிவிடாதீர்கள். என் மெத்தையை மூன்று முறை அளந்துவிட்டேன், அது சரியாகத்தான் இருக்கிறது.

பின்வரிசை பற்றிக் கேட்டிருந்தீர்கள். சர்ச் எல்லோருக்கும் பொது, நான் யார் தடுக்க? ஆனால் சொன்ன அளவில் ஒரு பலகை செய்ய முடியாதவர் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பார் என்று என்னை நம்பச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
சிட்டுவின் அம்மா

மார்ச் 26

சிட்டுவின் அம்மாவுக்கு,

நீ எழுதியது 42, 14. நான் அறுத்தது 41, 13. கண் தவறவில்லை, தெரிந்தேதான் செய்தேன். காரணத்தைச் சொல்கிறேன்.

கல்யாணமான இரண்டாம் வருஷம் உன் டேப்பின் இரும்பு முனை பிய்ந்துபோனது. பிசிறடிக்கிறது என்று முதல் அங்குலத்தைக் கத்தரித்துப் போட்டுவிட்டு, ஒன்று என்ற கோட்டிலிருந்தே அளக்க ஆரம்பித்தாய். துணியில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. அளப்பதும் அதே டேப், வெட்டுவதும் அதே டேப். மரத்துக்குத்தான் வம்பு. நீ எனக்குச் சொல்கிற எந்த அளவிலும் ஓர் அங்குலம் கூடுதலாக இருக்கும். உன் வெட்டு மேசை, நூல் அலமாரி, சிட்டுவின் படிப்பு மேசை, எல்லாவற்றையும் ஒன்று கழித்துத்தான் அறுத்தேன். உன்னிடம் சொன்னதில்லை. சொன்னால், “அப்ப நான் அளந்தது தப்பா?” என்று ஆரம்பிப்பாய். எல்லாம் அதனதன் இடத்தில் சரியாக உட்கார்ந்தது, நீயும் கேட்கவில்லை.

இப்போதும் உன் கையெழுத்தைப் பார்த்ததும் கழித்துவிட்டேன். பலகையைத் திருப்பி அனுப்பு. சட்டத்தைக் கழற்றி மாற்றித் தருகிறேன்.

இப்படிக்கு,
சிட்டுவின் அப்பா

ஏப்ரல் 9

சிட்டுவின் அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். இரண்டு வாரமாகப் பதில் எழுதவில்லை. கோபத்தாலா என்று எனக்கே தெரியவில்லை.

அந்த டேப் இப்போது இல்லை. நீங்கள் போன மறு வருஷம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினேன். அதுவும் தேய்ந்து, இது மூன்றாவது. இரும்பு முனையோடு பூஜ்யத்திலிருந்து அளக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் சிரிப்புத்தான் வந்தது. எழுந்துபோய் வெட்டு மேசையை அளந்து பார்த்தேன். பிறகு அழுதேன். அதற்குப் பிறகு வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. பதினைந்து வருஷம் என் அளவு சரியென்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். நீங்கள் வாயே திறக்காமல் கழித்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். நல்ல மனசுதான், இல்லையென்று சொல்லவில்லை. உங்கள் வியாதியும் அதுதான். என்னை ஒன்றும் கேட்க மாட்டீர்கள். நான் சொல்லப்போகிற பதிலை நீங்களே சொல்லிக்கொண்டு, நீங்களே அறுத்தும் விடுவீர்கள். திடப்படுத்தல் அன்றைக்கும் நடந்தது வேறென்ன? என் அண்ணன் என்ன கேட்பார் என்று கட்டிலில் உட்கார்ந்தே முடிவு கட்டிவிட்டீர்கள். அவர் அன்று உங்களுக்கும் சேர்த்துத்தான் சாப்பாடு சொல்லியிருந்தார். “இப்பவும் அதே டேப்பா?” என்று ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம்.

பலகையை அனுப்பப் போவதில்லை. மெத்தையைப் பிரித்து நீளத்திலும் அகலத்திலும் ஓர் அங்குலம் எடுத்துவிடுகிறேன். ஓரத்தில் சில பூக்கள் வெட்டுப்படும். படட்டும்.

அண்ணனிடம் பேசினேன். “அவர் வந்தா அவர்தான் கூட்டிட்டுப் போகணும். வரலைன்னா நான் இருக்கேன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார், மறுபடி எழுத உட்கார்ந்துவிட்டார். ஆகவே கேளுங்கள். சனிக்கிழமை காலையில் வந்து இறங்குகிற கதை வேண்டாம். ஏப்ரல் 30, வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நீங்கள் இந்த வீட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அண்ணன்தான், அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்க வேண்டாம். நீங்கள் வரப்போவதாகச் சிட்டுவிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். வந்தால் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் இல்லாவிட்டால் சாவி கீழ்க்கடையில் கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் இருக்கும். தையல் அறையில் கட்டில் போட்டிருக்கிறேன். எந்த விருந்தாளி வந்தாலும் அங்கேதான் படுப்பது, வேறு அர்த்தம் வேண்டாம்.

கோட்டும் தைத்துவிடுகிறேன். அளவை எழுதி அனுப்புங்கள். பழைய அளவு எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அதை வைத்து வெட்ட மாட்டேன்.

இப்படிக்கு,
சிட்டுவின் அம்மா

ஏப்ரல் 22, புதன்கிழமை

சிட்டுவின் அம்மாவுக்கு,

நல்ல காகிதம் கிடைக்கவில்லை. உன் மேசையில் கிடந்த வெட்டுக் காகிதத்தின் ஓரத்தில் எழுதுகிறேன். கோடு போட்ட பக்கத்தைத் தொடவில்லை, பயப்பட வேண்டாம்.

முப்பதாம் தேதி வரச் சொன்னாய். எட்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டேன். கோட்டுக்கு அளவை எழுதி அனுப்பினால் அதிலும் எதையாவது கழித்துவைப்பேன், அதனால் ஆளையே கொண்டுவந்திருக்கிறேன். கடிகாரக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார். நீ நூல் வாங்கப் போயிருப்பதாகச் சொன்னார்.

மெத்தை சட்டத்துக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஓரத்தில் பாதிப் பூக்கள் நிற்கின்றன, பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. கவுனின் இரண்டு கையும் ஒன்றுபோல வந்துவிட்டன. உன் டேப்பையும் எடுத்துப் பார்த்தேன். பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குகிறது.

இப்போது மணி மூன்று. சிட்டு பாட்டுப் பயிற்சிக்காக ஐந்து மணிக்குச் சர்ச்சுக்குப் போவாள் என்று கடிகாரக்காரர் சொன்னார். அவளுக்கு முன்னால் போய் அந்தக் கேட்டில் நிற்கப் போகிறேன். அவள் தாமதமாக வந்தாலும் நிற்பேன். உன்னைக் கேட்டுவிட்டுப் போகத்தான் நினைத்தேன், நீ வரக் காணோம். அதனால் எழுதிவைக்கிறேன்.

என் பை கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. துணிகளை எடுத்து அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். வந்து பார்த்து ஆளைக் காணோமே என்று நினைத்துவிடாதே. சர்ச் கேட்டில் இருக்கிறேன்.

இப்படிக்கு,
சிட்டுவின் அப்பா