ஒரு நூல் நீராவி

மார்ச் 3
எங்கள் சாயப்பட்டறையில் இன்று சோலினாய்டு வால்வு மாட்டினார்கள். இந்தப் பெயரை எழுதி முடிப்பதற்குள் பேனாவுக்கே மூச்சு வாங்கியது. ஆனாலும் எழுதிவிட்டேன்! எனக்கு எழுத்துச் சொல்லித்தரும் மருமகள் பார்த்து, "பரவாயில்லையே மாமா" என்றாள்.

மாட்டியது ஒரு பெண் ஃபிட்டர். மகள் வயசு. "பெரியப்பா, இனிமே தொட்டிக்குச் சூடு ஏத்த நீங்க சக்கரம் திருக வேணாம். உள்ள கம்பிச் சுருள் இருக்கு. கரண்ட் பாஞ்சா காந்தமாகி இரும்புத் தண்ட மேல இழுக்கும், நீராவி போகும். சூடு போதும்னா கரண்ட் நின்னுடும், ஸ்பிரிங் தண்ட அழுத்தி மூடிடும். பால் ஆலை, துணி துவைக்கிற மெஷின், எல்லாத்துலயும் இவன்தான்."

"சம்பளம் கேப்பானா?"

"மாட்டான். உங்கள மாதிரி அடிக்கடி டீக்கும் போக மாட்டான்."

டக் என்று திறக்கிறது. டக் என்று மூடுகிறது. நாள் பூராவும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 9
கரண்ட் இல்லை. வால்வு மூடியபடியே கிடந்தது. அதைச் சுற்றிப் போகும் பைபாஸ் குழாயில் பழைய கைச்சக்கரம் இருக்கிறது. இந்த மாதிரி நேரத்துக்குத்தான். திறந்து வேலையை முடித்தேன். கரண்ட் வந்ததும் மூடினேன். அவனுக்கும் நான் வேண்டியிருக்கிறதே!

மார்ச் 11
நீலத் துணி கறுத்து வந்தது. தொட்டியில் சூடு கூடிவிட்டதாம். "வால்வு ஒழுகுது. நீ மாட்டின லட்சணம்!" என்று சூப்பர்வைசர் ஃபிட்டரைப் பிடித்துக்கொண்டார். அவள் வால்வைக் கழற்றி எனக்குக் காட்டினாள். "ஒரு தூசி இல்ல, பாருங்க பெரியப்பா."

மார்ச் 12
மறுபடியும் கறுப்பு. அவளை இனி வர வேண்டாம் என்றுவிட்டார்கள். ஸ்பானர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு யாரையும் பார்க்காமல் போனாள்.

அப்புறம்தான் பைபாஸ் குழாயைத் தொட்டேன். சுட்டது. மூடிய குழாய் எப்படிச் சுடும்?

நான்தான். நீராவிச் சக்கரத்தை எப்பவும் ஒரு நூல் அளவு இடைவெளி விட்டுத்தான் மூடுவேன். குழாய் ஆறினால் உள்ளே தண்ணீர் தங்கி, அடுத்த தடவை திறக்கும்போது டமார் டமார் என்று இடிக்கும். அதற்குப் பழகிய கை. அந்த ஒரு நூல் வழியாகத்தான் தொட்டிக்குச் சூடு போய்க்கொண்டே இருந்திருக்கிறது. வால்வு பாவம், சரியாகத்தான் மூடியிருக்கிறது.

இறுக்கி மூடிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 13
வேறொரு ஃபிட்டர் வந்து வால்வைத் தட்டிப் பார்த்தார். நீலம் சரியாக வந்தது. "பாத்தீங்களா, அவ போனதும் சரியாயிடுச்சு" என்று சூப்பர்வைசர் சிரித்தார். நானும் சிரிச்சேன். சிரிச்சேனே — என்ன மனுஷன்டா நீ?

மார்ச் 14
சூப்பர்வைசர் அறை வாசல்வரை போய்த் திரும்பினேன்.

மார்ச் 15
சொல்லிட்டேன். சூப்பர்வைசர் நம்பவில்லை. "அவளுக்காக எதுக்குப் பொய் சொல்றீங்க?" சக்கரத்தை ஒரு நூல் திறந்தேன். வால்வு மூடியே இருந்தது; சூடு காட்டும் முள் மட்டும் ஏறியது. அவர் முள்ளைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கடைசியில், "நாளையிலேர்ந்து துணி மடிக்கிற பக்கம் போங்க" என்றார்.

"போறேன். அவளக் கூப்பிடுங்க."

மார்ச் 20
வந்துவிட்டாள். துணி மடிக்கிற இடத்திலிருந்தே பார்த்தேன். கைச்சக்கரத்துக்குச் சங்கிலியும் பூட்டும் போட்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் சாப்பிடப் போனபோது ஓர் அட்டையில் பெரிதாக எழுதி அவள் பையின்மேல் வைத்தேன்: "முழுக்க மூடவும். ஒரு நூல்கூட விடக் கூடாது."

வீட்டுக்குக் கிளம்பும்போது பார்த்தேன். அட்டை சங்கிலியில் தொங்கியது. அவள் பக்கத்தில் நின்று கை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கடைசி வரி மலையேறுது, பெரியப்பா."

"நாளைக்கு நேரா எழுதித் தரேம்மா."

"வேணாம். இதுவே இருக்கட்டும்."