திருச்சி வெயிலில் இரண்டு கம்பளி

அண்ணே,

மழை விட்டதும் பெட்டியைத் திறந்து கம்பளியை வெயிலில் உதறிப் போட்டேன். தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் கொடுத்த அதே கறுப்புக் கம்பளிதான். ஈரமும் அடுப்புப் புகையும் கலந்த அந்த வாசனை வந்ததும் எனக்கு நினைவு வந்தது நம் லயத்து வரிசை வீடுகள் இல்லை, திருச்சி ஸ்டேஷன்.

அதற்கு முன் நாம் பேசியதே கிடையாது. நீங்கள் மேல் லயம், நான் கீழ் லயம். மாரியம்மன் திருவிழாவில் கரகம் முதலில் எந்த லயத்துக்கு வருவது என்று நம் அப்பாக்கள் போட்ட சண்டையை, அவர்கள் செத்த பிறகும் நாம் விடாமல் காப்பாற்றி வந்தோம். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது எதிரே வந்தால் நீங்கள் மலையைப் பார்ப்பீர்கள். நான் வாளியைப் பார்ப்பேன்.

லீவு எடுத்துக்கொண்டு கப்பலேறி, அத்தையைத் தேடி இந்தியா போனேன். அப்பா அம்மாவுக்குப் பிறகு எனக்கென்று இருந்த ஒரே ஆள் அவள். அவள் வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். "அந்தம்மா செத்து வருஷமாச்சே, சிலோன்காரரே" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடலுக்கு இரண்டு பக்கமும் எனக்கு ஆளில்லை என்று ஆயிற்று. ஸ்டேஷனுக்கு வந்தால், கொளுத்தும் வெயிலில் நீங்கள் மடியில் கம்பளியோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். என் தோளிலும் ஒன்று. சித்திரை வெயிலுக்குக் கம்பளி சுமந்து போகிற அறிவாளிகள் நம் தோட்டத்தில்தான் விளைவார்கள்.

நீங்கள்தான் முதலில் சிரித்தீர்கள். "குளிருதா தம்பி?"

"உங்களுக்கும் குளிருது போல, அண்ணே."

உங்கள் கதையிலும் பெரிய வித்தியாசமில்லை. மனைவி செத்த பிறகு தனியாக இருந்த நீங்கள், இந்தியாவில் இருந்த உங்கள் அண்ணனைப் பார்க்க வந்திருந்தீர்கள். "சோறு போட்டாங்க. ஒவ்வொரு வேளையும் எப்பக் கப்பல்னு கேட்டுக்கிட்டே போட்டாங்க" என்றீர்கள்.

மிச்ச லீவைச் சேர்ந்தே கழித்தோம். காவிரியில் குளித்தோம். மலைக்கோட்டை உச்சியில் நின்று, "இதெல்லாம் ஒரு மலையா தம்பி?" என்றீர்கள். திரும்பும் ரயிலில் இரண்டு கம்பளியும் கலந்துவிட்டன. எது யாருடையது என்று பிறகு தெரியவே இல்லை.

கடல் தாண்டி, நம் தோட்டத்து ஸ்டேஷனான றொசல்லயில் இறங்கியபோது பனி மூடியிருந்தது. லயங்களுக்குப் பாதை பிரியும் இடம் நெருங்க நெருங்க நான் நடையைக் குறைத்துக்கொண்டே வந்தேன். நாளைக்குப் பீலிக்கரையில் நீங்கள் மறுபடி மலையைப் பார்ப்பீர்கள் என்று பயந்தேன். மேல் லயத்து ஆட்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கிற மாதிரி நீங்கள் சொன்னீர்கள்:

"வந்த களைப்புல அடுப்பு மூட்டாத தம்பி. நம்ம வீட்டுல சாப்பிடலாம், வா."

நீங்கள் சுட்ட ரொட்டி கருகியிருந்தது. அதற்குப் பிறகு நான் தனியாகச் சாப்பிட்ட நாட்கள் குறைவு.

போன மாதம் கம்பளியைப் போர்த்தித்தான் உங்களைப் பாடையில் தூக்கினார்கள். வெளியூரிலிருந்து வந்து கூட நடந்த ஒருவர், "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். "ஊர்க்காரன்" என்றேன்.

உங்களோடு போனது என் கம்பளியாகவும் இருக்கலாம். இங்கே காய்வது உங்களுடையதாக இருக்கலாம். குளிர் தொடங்கிவிட்டது அண்ணே. இனி இதைத்தான் போர்த்திக்கொள்கிறேன்.