ஏரியில் உன் முறை

பழவேற்காடு, 8-8-1976

அன்பு மகன் லோகநாதனுக்கு, அம்மா சம்பூர்ணம் சொல்லச் சொல்ல உன் தங்கை சந்திரகலா எழுதுவது. இங்கே ஏரியில் தண்ணீருக்கும் வீட்டில் எங்களுக்கும் குறைவில்லை, அமெரிக்காவில் நீயும் சுகமாக இருக்கவேண்டும். மாப்பிள்ளைக்குக் கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் வேலை நிரந்தரமாகிவிட்டது, பொன்னேரி போய் ரயில் பிடிக்கிறார். உன் கடிதத்தை அவர்தான் படித்துக் காட்டினார். ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் சண்டையில்லாமல் முறை வைத்துப் பயன்படுத்த நீ வழி எழுதினாயாம், ஆள் வராவிட்டாலும் அவன் முறை அழியாதாம், கம்பெனி அதற்குப் பேட்டன்ட் என்கிற தனி உரிமை வாங்கப்போகிறதாம், இந்த யோசனை முழுக்க என்னுடையது என்று நீ கையெழுத்துப் போடவேண்டுமாம். எனக்குப் பெருமை தாங்காமல் தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். ஊர்ப் பெரியவர் முனிகிருஷ்ணன் கேட்டுவிட்டு, இன்னா சம்பூர்ணம், நம்ம ஏரி மொறயத்தான உம்புள்ள எழுதிகீறான், இனிமே வல போட அந்தக் கம்பெனியாண்ட கேட்டுக்கினு வரணுமா என்றார். எல்லோரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்று சீட்டுக் குலுக்குகிற நாள் உனக்கு ஞாபகமிருக்கிறதா லோகு? மீன் நிறைய விழுகிற இடம் இன்று நமக்கு, நாளை அடுத்த வீட்டுக்கு என்று சுற்றிவரும். உங்க நைனா செத்த ஐப்பசியில் வலை போட நம் வீட்டில் ஆம்பளை இல்லை, முறையும் போச்சே என்று அழுதேன். ஆளுதான போனான், மொற போவல என்று சொல்லி ஊரார் நமக்காக வலை போடப் பக்கத்து வீட்டு அரசப்பனை ஏரியில் இறக்கினார்கள். அப்படிக் கிடைத்த இறாலை விற்றுத்தான் உன்னைப் படிக்க வைத்தேன். நீ ஈரக் கூடையைப் பிடித்துக்கொண்டு காலையில் என் பின்னால் ஓடிவருவாயே.

வலைக்குச் சொந்தக்காரன் உண்டு. கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி நீ எழுதியது உன் உழைப்பு, அதைக் கம்பெனி வைத்துக்கொள்ளட்டும். முறை வைத்துப் பிழைக்கிற யோசனைக்கு எப்படியடா வேலி போடுவது? அன்றைக்கு எவனாவது இது என் யோசனை, என்னைக் கேள் என்றிருந்தால் நம் கதி என்ன? எங்கள் ஊரில் இது முன்பே உண்டு என்று அந்தத் தாளில் எழுது, எழுத அவர்கள் விடாவிட்டால் கையெழுத்துப் போடாதே. உன் வேலை போய்விடும் என்று மாப்பிள்ளை பயப்படுகிறார். எனக்கும் பயம்தான்.

அங்காளம்மன் உன்னைக் காக்கட்டும். குளிர் வந்தால் கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே. நீ போய் ஏழு வருடம் ஆகிறது, போன வாரம் சீட்டுக் குலுக்கியபோதும் உன் பேரைக் கூப்பிட்டார்கள். அமாவாசை கழித்து மூன்றாம் நாள் உன் முறை.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா சம்பூர்ணம்