தண்ணீரில் கை வைத்தவருக்கு

என்னங்க,

டூட்டிக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது.

பாப்பாவின் வேதியியல் வீட்டுப்பாடத்தில் மூக்கை நுழைத்தது நீங்கள்தானே? ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீர் ஆகும் சமன்பாட்டில் ஓர் ஆக்சிஜன் அணு மிஞ்சியதாம். "ரெண்டு பக்கமும் எண்ணிக்கை ஒத்துப்போனாப் போதும்"னு தண்ணீரின் குறியீட்டுக்குள்ளேயே ஆக்சிஜனுக்குக் கீழே சின்னதாக ஒரு 2 சேர்த்தீர்களாமே! அது தண்ணீரா? ஆஸ்பத்திரியில் நான் புண் கழுவுகிற பெராக்சைடு! அணுவும் தொலையக் கூடாது, தண்ணீரும் வேறொன்றாகக் கூடாது. அதனால்தான் எண்ணைக் குறியீட்டுக்கு முன்னால் போடுகிறார்கள்.

பி.கு.: "யார் சொல்லிக் கொடுத்தது?" என்று டீச்சர் கேட்டாராம். பாப்பா உங்களைக் காட்டிக் கொடுக்காமல் முட்டை வாங்கி வந்திருக்கிறாள். தப்பு உங்களுடையது என்று அவளிடம் சொல்லுங்கள். அதுவரை என்னோடு பேச்சே வேண்டாம்.