பரமண்டல ஜெபத்தில் ஒரு வரி

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். முட்டிவலி தேவலையா? சலவைக்கூடத்தில் இஸ்திரிச் சூடு கையில் லேசாகப் பட்டது, கொப்புளம்கூட இல்லை, பயப்படாதீர்கள்.

ஆராதனையில் என் பக்கத்தில் நிற்கும் சமையல்காரர் போன மாதம் கேட்டார்: "பரமண்டல ஜெபத்துல மத்தவங்களை மன்னிக்கிற இடம் வந்தா மட்டும் ஏம்பா வாயை மூடிக்கிறே?" அப்பா அடக்கத்துக்கு அண்ணன் வராத நாளிலிருந்து அந்த வரி என் தொண்டையைத் தாண்டியதில்லை. இந்த ஞாயிறு முழுதாகச் சொல்லிவிட்டேன். வானம் இடிந்து விழவில்லை. மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

போனில் சொன்னால் இருவரும் அழுவோம் என்றுதான் எழுதுகிறேன். அண்ணன் நம்பரை அப்பா அடக்கத்தன்றே அழித்துவிட்டேன். பெரிய எழுத்தில் எழுதி அனுப்புங்கள். ஒரு எண் தப்பினாலும், மறுபடி கூப்பிட எனக்குத் தைரியம் வராது.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் சின்னவன்